நான்கு எண் பூட்டு

வீட்டில் இருந்த பூட்டு, தாழ்ப்பாள், முடிச்சு எல்லாவற்றையும் திறந்து, அவிழ்த்து முடித்துவிட்டார் குமாஸ்தா. மிச்சம், கட்டிலுக்கு அடியில் இருந்த மனைவியின் பெட்டி ஒன்றுதான். அதில் நான்கு எண் பூட்டு தொங்கியது.

அதிகாலையிலிருந்து மனைவிக்கு வலி. தலைப்பிரசவம். வீட்டில் ஒரு பூட்டு பூட்டிக் கிடந்தாலும் பிரசவம் இழுத்துக்கொண்டே போகும் என்பது மாமியாரின் நம்பிக்கை. "மாப்பிள்ளை, நீங்க இங்க நின்னு நகத்தைக் கடிச்சு என்ன ஆகப்போகுது? போய் எல்லாத்தையும் திறந்து வைங்க" என்று ஆஸ்பத்திரியிலிருந்து விரட்டிவிட்டார்.

குமாஸ்தாவுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் ஆறு மணி நேரமாக அவள் கத்தியதைக் கேட்ட பிறகு, நம்பாமல் இருக்கத் தைரியமும் இல்லை. ஷூ கயிற்றைக்கூட விடவில்லை. கொடிக்கயிற்றை அவிழ்த்ததில், துவைத்த துணியெல்லாம் மண்ணில் கிடந்தது.

பிரசவ வார்டுக்குப் போன் போட்டு, பெட்டியின் எண்ணைக் கேட்டுச் சொல்ல முடியுமா என்றார். நர்ஸ் உள்ளே போய்வந்தாள்.

"உங்க கல்யாண நாளாம் சார். தேதியும் மாசமும்."

குமாஸ்தா நன்றி சொல்லிப் போனை வைத்தார். தபால் நிலையத்தில் பன்னிரண்டு வருடமாகத் தேதி முத்திரை குத்துகிறவர் அவர். ஊருக்கெல்லாம் தேதி போட்டவருக்கு அந்த ஒரு தேதி மட்டும் பிடிபடவில்லை. மழை பெய்தது, அது நிச்சயம், குடை தொலைந்துபோனது. கல்யாணப் பத்திரிகையும் ஆல்பமும் பெட்டிக்குள்தான்.

கல்யாணத்துக்கு வந்திருந்த போஸ்ட் மாஸ்டரைக் கேட்டதில், சாப்பாடு பிரமாதம் என்பது மட்டும் அவருக்கு ஞாபகம் இருந்தது. மாமியாரைக் கேட்கலாம்தான். அதற்கு அந்தப் பெட்டிக்குள்ளேயே போய்ப் படுத்துக்கொள்ளலாம்.

மழைக்கால மாதங்களின் எல்லாத் தேதிகளையும் வரிசையாகத் திருகிப் பார்த்தார். ஒரு மணி நேரம் போயிற்று. பூட்டு அசையவில்லை. அப்படியானால் அன்று பெய்தது காலம் தப்பிய மழை.

மறுபடி போன் போட்டு, பூட்டு துருப்பிடித்திருக்கிறது போல, எண்ணை இன்னொரு முறை தெளிவாகக் கேட்டுச் சொல்லுங்கள் என்றார்.

நர்ஸ் போய்வந்தாள். "துருவா, மறதியான்னு கேக்கறாங்க சார்."

"துருதான்" என்றார் குமாஸ்தா. அந்தப் பொய்யும் சேர்ந்து குழந்தையின் வழியில் குறுக்கே நிற்பதாக அவருக்குத் தோன்றியது.

இன்னும் ஒன்பது மாதத் தேதிகளைத் திருகப் பொறுமை இல்லை. பக்கத்துத் தெருவில் ஒரு தச்சரிடம் சுத்தியல் இரவல் வாங்கிவந்தார். முதல் அடி கட்டைவிரலில் விழுந்தது. இரண்டாவது பெட்டியின் மூடியை நசுக்கியது. மூன்றாவதில் பூட்டு தெறித்தது. விரலில் ரத்தம். துணியைச் சுற்றினார், முடிச்சுப் போடக் கூடாதே என்று அப்படியே பிடித்துக்கொண்டு போன் போட்டார்.

"திறந்தாச்சு சிஸ்டர். அவ எப்படி இருக்கா?"

"எந்தத் தேதியில திறந்துச்சு சார்?"

குமாஸ்தா உடைந்த பூட்டைக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

"சுத்தியல்ல."

மறுமுனையில் நர்ஸ் பெருமூச்சு விட்டாள்.

"பொண்ணு பொறந்து ஒரு மணி நேரமாச்சு சார், ரெண்டு பேரும் சௌக்கியம். நீங்க தேதியைச் சொல்ற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாதுன்னு உங்க வீட்டம்மா சொல்லியிருக்காங்க, ஆனா எனக்கு டூட்டி முடியப்போகுது."