ஹோல்ட் ஐயாவும் மூதூர் லைனும்

திருகோணமலைத் துறைமுகத்தில் எத்தனையோ நாட்டுக் கப்பல்களைப் பார்த்திருக்கிறேன். ஒரேயொரு ஆங்கில வினைச்சொல்லில் ஏறி ஆயுள் முழுவதும் பயணம் செய்த மனிதர் என்றால், அங்கே ஒருவர்தான்.

அவர் எங்கள் கப்பல் கந்தோரின், அதாவது கப்பல் கம்பனி அலுவலகத்தின், ரெலிபோன் ஒப்பரேற்றர். காலம், அறுபதுகள். ஆண்டைப் பிழையாக எழுதுவதைவிட எழுதாமல் விடுவது என் கொள்கை. சொந்தப் பெயர் சம்பளத்தாளுக்கு மட்டும். எங்களுக்கு அவர் ஹோல்ட் ஐயா.

'ஹோல்ட் ஒன்', லைனிலேயே நில்லுங்கள், என்று சொல்வது அவர் தொழில். சொன்னபிறகு அந்தச் சொல்லின் பூர்வீகத்தை விளக்குவது அவர் வியாதி. மூச்சை அடக்கினாலும் ஹோல்ட், கூட்டம் நடத்தினாலும் ஹோல்ட், பதவி வகித்தாலும் ஹோல்ட்.

"வெள்ளைக்காரன் இவ்வளவு வேலையையும் ஒரு சொல்லின்ர தலையில கட்டிப்போட்டான், தம்பி. அது ஒருநாளாவது லீவு கேட்டதோ?"

கப்பலின் சரக்கறைக்கும் அதே பெயர் இருப்பது அவருக்குப் பொறுக்காது. "அது 'ஹோல்', ஓட்டை எண்ட சொல்லில இருந்து வந்தது. எங்கட சொல்லுக்கு ஒரு சொந்தமும் இல்லை. சும்மா உறவு கொண்டாடுது!" சாமான் இறக்கும் தொழிலாளர்கள் அவரைக் கண்டால் அந்தச் சரக்கறைக்குள்ளேயே இறங்கி ஒளிந்துகொள்வார்கள்.

மாரிகாலத்தில் ஒருநாள், எங்கள் பியோன் சலீம் நானா மகளைக் குடாவின் அக்கரையில் உள்ள மூதூருக்குப் போகும் மோட்டார்ப் படகான லோஞ்சில் ஏற்றிவிட்டு வந்த சற்று நேரத்தில் புயல் தொடங்கியது. குடாவில் அலை எழும்பிவிட்டது. லோஞ்ச் கரை சேர்ந்ததா என்று யாருக்கும் தெரியாது.

ஹோல்ட் ஐயா விடாமல் முயன்று மூதூர் தபாற்கந்தோரைப் பிடித்துவிட்டார். அங்கே தனியாக இருந்த தபாலதிபர், "துறையடிக்குப் போய்ப் பாத்துக்கொண்டு வாறன், லைனை விட்டிடாதேங்கோ" என்று றிசீவரை மேசையில் வைத்துவிட்டு ஓடினார்.

அங்கேதான் சிக்கல். அந்த நாட்களில் லைன்களை இணைத்துக் கொடுக்கும் எக்ஸ்சேஞ்ச் பெண் இடையிடையே காது கொடுத்துப் பார்ப்பார். பேச்சுக்குரல் இல்லையென்றால் இணைப்பைப் பிடுங்கி அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார். புயல் நாளில் போன லைன் திரும்பக் கிடைக்காது.

"எதையாவது கதையுங்கோ ஐயா!" சலீம் நானா அழுதுவிட்டார்.

ஹோல்ட் ஐயா தொண்டையைச் செருமினார். "ஆதியில ஹோல்ட் எண்டால் கையால பிடிக்கிறதில்லை. மாடு மேய்க்கிறது. மந்தையை விட்டு அகலாமல் நிண்டு காக்கிறது..."

வருடக்கணக்காக அந்தக் கதைக்குத் தப்பி ஓடிய நாங்கள் அவரைச் சுற்றி மூச்சுவிடாமல் நின்றோம். மாடு காவலாயிற்று, காவல் கோட்டையாயிற்று. வெளியே கூரைத் தகரம் பறந்தது. அவர் நிறுத்தவில்லை. குரல் கம்மியபோது தண்ணீர் கொடுத்தோம், அவர் குடித்து முடிக்கும்வரை நான் "ஓம், ஓம், பிறகு?" என்று றிசீவருக்குள் கத்தினேன்.

திடீரென்று எக்ஸ்சேஞ்ச் பெண்ணின் குரல். "கதைச்சு முடிஞ்சுதோ?"

"இல்லைப் பிள்ளை. இப்பதான் கோட்டைக்கு வந்திருக்கிறன்."

"அப்ப மாடுகளை ஆர் பாக்கிறது?"

அந்த நொடியில் எங்களுக்குத் தெரிந்துவிட்டது: அவரும் கதை கேட்டுக்கொண்டிருக்கிறார், இனி லைன் போகாது.

கடைசியில் மூதூரிலிருந்து மூச்சிரைப்பு கேட்டது. "லோஞ்ச் துறையடியில கட்டிக் கிடக்கு. நானாட மகள் சுகமா இறங்கிட்டா. என்ட கண்ணால கண்டன்!"

சலீம் நானா கதிரையில் சரிந்து முகத்தை மூடிக்கொண்டார். ஹோல்ட் ஐயாவுக்கு அதன்பின் ஒரு கிழமை குரலே இல்லை. கந்தோர் அமைதியாக இருந்தது. எங்களில் ஒருவருக்கும் அந்த அமைதி பிடிக்கவில்லை.

இன்றும் தொலைபேசியில் யாராவது 'ஹோல்ட்' என்றால் எனக்கு எரிச்சல் வருவதில்லை. மறுமுனையில் ஒருவர் மந்தையை விட்டு அகலாமல் நிற்கிறார் என்று நினைத்துக்கொள்வேன்.