அத்தானுக்காக நான் எழுதிய ஆங்கில மனு

ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்தவன் தமிழில் மனு எழுதுவதுதான் குடும்பத்துக்கு நல்லது. அக்காவின் புருஷனை நான் கொன்ற பிறகுதான் எனக்கு இது புரிந்தது.

எண்பதுகளின் கடைசி. அத்தானுக்கு ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வேலை. ஒருநாள் மெஷினில் வலது கை சிக்கி இரண்டு விரல்கள் போய்விட்டன. தொழிலாளர் இன்சூரன்ஸ் ஆபீசில் அதற்கு உதவித்தொகை உண்டு என்றார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மாதா மாதம் அத்தானும் நானும் பஸ் ஏறிப் போவோம். கிளார்க் தலையைத் தூக்காமலே, “மேல இருந்து இன்னும் அலாட்மெண்ட் வரல” என்பார். ஏழு மாதம் இதே பதில். அக்கா தீப்பெட்டி ஒட்டிக் குடும்பத்தை ஓட்டினாள்.

எனக்கு ரத்தம் கொதித்தது. பி.ஏ. வேறு முடித்திருந்தேன் (ஆங்கிலப் பேப்பரில் மூன்றாவது முயற்சியில் பாஸ்). தலைமை அலுவலகத்துக்கே ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் எழுதினேன். கல்யாணப் பத்திரிகைகளில் பெரியவர்கள் பெயருக்கு முன்னால் ‘லேட்’ என்று போட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். மரியாதைச் சொல் என்று நினைத்து, அத்தான் பெயர் வந்த ஆறு இடத்திலும் போட்டேன்.

மூன்றே வாரத்தில் அக்கா பெயருக்குப் பதில் வந்தது. கணவரின் மறைவுக்கு வருந்துகிறோம். இறப்புச் சான்றிதழுடன் வந்தால் குடும்பத்துக்கான உதவித்தொகை உடனே கிடைக்கும்.

மூன்று பேரும் ஆபீசுக்கு ஓடினோம். கிளார்க் முதல்முறையாகத் தலையைத் தூக்கி அத்தானைப் பார்த்தார்.

“அலாட்மெண்ட் வந்துட்டா சார்?” என்றேன்.

“இது இறந்தவங்களுக்கான அலாட்மெண்ட். அதுல பணம் இருக்கு. விரல் போனவங்களுக்கு இன்னும் வரல.”

“இவிய உயிரோடல்லா இருக்காவ” என்றாள் அக்கா.

“எனக்குத் தெரியுதும்மா. ஃபைலுக்குத் தெரியலயே.”

ஃபைலுக்குத் தெரியவைக்க டாக்டர் சான்று, கிராம அதிகாரி சான்று, ‘என் கணவர் உயிருடன் உள்ளார்’ என்று அக்காவின் கையெழுத்து. எல்லாம் மேலே போய்த் திரும்பி, அத்தான் பிழைத்தெழ நான்கு மாதம் ஆயிற்று. அதற்குள் அந்த வருஷத்து அலாட்மெண்ட் வந்து, தீர்ந்தும் போயிருந்தது.

திரும்பும் பஸ்ஸில் அத்தான், “ஒரு தடவ கொன்னா பத்தாதா மாப்ள? ஆறு எடத்துலயா கொல்லணும்?” என்றார்.

மறுவருஷம் பணம் வந்தது. இன்றும் அவர்களுக்குள் சண்டை வந்தால் அக்கா என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்வாள்:

“நீ சரியாத்தாம்ல எழுதுன. உயிரோட இருக்காவன்னு கையெழுத்துப் போட்டது நான்தான். செத்த யோசிச்சிருக்கலாம்.”