இடதுகைக் கரடியும் இரண்டு கிடார்களும்

ஒரு காட்டில் மாசிலாமணி என்ற கரடி தன் மனைவியைக் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அது பேஸ் கிடாருக்குப் புதுக் கம்பி மாட்டிக்கொண்டிருந்தது. "பாறைக்கு அந்தப் பக்கம் தேன் இருக்கான்னு பாத்துட்டு வாங்க" என்றது. மாசிலாமணி தேனோடு திரும்பியபோது நான்கு கம்பிகளும் சுருதி சேர்ந்து தயாராக இருந்தன. மனைவி குகைச் சுவரில் சாய்ந்தபடியே போயிருந்தது.

பதினேழாம் நாள் காட்டு இசை மன்றத்தின் எழுத்தரான உடும்பு வந்தது.

"வருத்தமான விஷயம்தான். ஆனா எங்க இன்னிசைக் குழுவுல வாசிக்கன்னு அவங்களுக்குக் குடுத்த கிடார் மன்றத்துச் சொத்து. ஒரு வருஷத்துக்குள்ள வீட்ல யாராவது வாசிக்கக் கத்துக்கிட்டுத் தேர்வுல தேறினா இங்கேயே இருக்கலாம். இல்லேன்னா எடுத்துட்டுப் போயிடுவோம்."

"நானே கத்துக்கிறேன்" என்றது மாசிலாமணி.

உடும்பு படிவத்தை நீட்டியது. மாசிலாமணி இடது கையை நீட்டியது. உடும்பு படிவத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டது.

"சோத்தாங்கையால வாங்குங்க."

"நான் சாப்பிடறதே இந்தக் கையாலதாங்க."

"அப்ப அதுதான் உங்க சோத்தாங்கைன்னு ஒரு சான்றிதழ் வாங்கிட்டு வாங்க."

சான்றிதழ் வாங்க இரண்டு மாதம் ஆயிற்று. அதற்குள் காடு முழுக்க 'பீச்சாங்கைக் கரடி' என்று பெயர் பரவிவிட்டது.

கிடாரோ வலதுகைக்காரருக்குச் செய்தது. மாசிலாமணி அதைத் திருப்பிப் பிடித்தது. மேலே இருக்க வேண்டிய தடித்த கம்பி கீழே போயிற்று. சத்தத்தைக் கூட்டும் திருகு மேலே வந்துவிட்டதால், பாட்டின் நடுவில் முழங்கை பட்டுச் சத்தம் தானாக ஏறி இறங்கியது. இன்னிசைக் குழுவில் டிரம்ஸ் வாசிக்கும் முள்ளம்பன்றி அஞ்சலை பக்கத்துப் புதரில்தான் குடியிருந்தது. அது தினமும் எட்டிப் பார்த்துச் சிரித்தது.

"அண்ணே, நீங்க வாசிக்கிறீங்களா, கிடாருக்குச் சொறிஞ்சு விடறீங்களா? கம்பியைக் கழட்டி மாத்தி மாட்டுங்க. அரை மணி நேர வேலை."

"மாட்டினது மாட்டினபடி இருக்கட்டும்."

அஞ்சலை அதற்குமேல் கம்பியைப் பற்றிப் பேசவில்லை.

மாசிலாமணிக்குச் சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. ஒரு புத்தகம் இருந்தது. புத்தகம் மேலே என்று சொன்னால் கீழே என்றும், கீழே என்று சொன்னால் மேலே என்றும் மாசிலாமணி படித்துக்கொண்டது. நான்காம் மாதம் விரல் காய்த்தது. ஒன்பதாம் மாதம் அஞ்சலை சிரிப்பதை நிறுத்திவிட்டுத் தாளம் போட ஆரம்பித்தது. பிறகு ஒரு நல்ல காரியம் செய்தது. மாசிலாமணியிடம் சொல்லாமல் மன்றத்துக்கு ஒரு மனு எழுதிப் போட்டது.

தேர்வு நாள் வந்தது. மாசிலாமணி தன் கிடாரை ஆலமரத்தடியில் சாய்த்து வைத்துவிட்டு முன்னால் போய் நின்றது. உடும்பு ஒரு பெரிய பெட்டியைப் பிரித்தது. உள்ளே பளபளவென்று புது கிடார்.

"இடதுகைக்காரர் நலத்திட்டம்! காட்டிலேயே முதல் பயனாளி நீங்கதான். அசல் இடதுகை கிடார். இதுலயே வாசிங்க."

"என்னுடையதே போதுங்க."

"திட்டத்தை மறுத்தா விண்ணப்பம் ரத்து."

வேறு வழியில்லை. புது கிடாரில் எல்லாம் முறைப்படி இருந்தது. தடித்த கம்பி மேலே, மெல்லிய கம்பி கீழே. மாசிலாமணியின் விரல்கள் பழக்கப்படி தடித்த கம்பியைத் தேடிக் கீழே போயின. 'டும்' வர வேண்டிய இடத்தில் 'டிங்' வந்தது. ஒரு பாட்டு முடிவதற்குள் முன்வரிசை முயல்கள் காதுகளை மடித்துக்கொண்டன.

"இத்தனை மாசமா நீங்க என்னதான் பண்ணீங்க?" என்றது உடும்பு.

மாசிலாமணி தலை குனிந்தது. அஞ்சலை ஓடிவந்தது. "நான்தாண்ணே மனு போட்டேன். நல்லது பண்றதா நினைச்சு உங்க தலையில மண்ணை அள்ளிப் போட்டுட்டேனே!"

உடும்பு கண்ணாடியை மாட்டிக்கொண்டு விதியைப் படித்தது. "தோற்றவர் தேர்வில் எந்தக் கிடாரை வாசித்தாரோ அந்தக் கிடாரை அன்றே திரும்பப் பெறவும்." உடனே புது கிடாரை மாசிலாமணியின் கையிலிருந்து பிடுங்கிப் பெட்டிக்குள் வைத்தது. ஒப்படைப்புச் சீட்டை நீட்டியது.

"இடது கைப் பெருவிரல் ரேகை வைங்க."

அந்த ஒரு சீட்டில் மட்டும் இடது கையைக் கேட்டார்கள். மாசிலாமணி நன்றாக அழுத்தி வைத்தது.

"ஒரு கிடார் வரணும், வந்துடுச்சு. கோப்பு முடிஞ்சுது" என்றது உடும்பு.

"அப்ப அந்தப் பழைய—" என்று அஞ்சலை ஆரம்பித்தது.

"அஞ்சலை" என்றது மாசிலாமணி மெதுவாக. "உனக்கு வெயில் ஆகாதும்மா. அந்த மரத்தடியில போய் உக்காரு."

அஞ்சலை ஒரு கணம் விழித்தது. பிறகு ஆலமரத்தடிக்குப் போய்ப் பழைய கிடாருக்கு முன்னால் உட்கார்ந்து, உடம்பில் இருந்த முள் அத்தனையையும் விரித்துக்கொண்டது. உடும்பு பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்த வழியாகவே போயிற்று.

"என்னம்மா, கோபமா?"

"ஆமாங்க. ரொம்பக் கோபம்."

தேறாதவர்களைக் குழுவில் சேர்ப்பதில்லை. அதனால் மாசிலாமணி குகைக்குள்ளேயே வாசிக்கிறது. போன மழைக்காலத்தில் ஒரு கம்பி அறுந்தது. மனைவி மாட்டியதில் இன்னும் மூன்று இருக்கின்றன.

நீதி: தோற்றுத்தான் ஆகவேண்டும் என்றால், அரசு தரும் இலவசப் பொருளை வைத்துத் தோற்றுவிடுங்கள்.