நான்கு தந்தியும் உங்கள் தங்கையும்

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

இங்கு நானும் உங்கள் தங்கையும் நலம். அங்கு வீட்டில் எல்லோரும், குறிப்பாக உங்கள் வலது முழங்காலும், நலமாக இருக்க வேண்டும்.

விஷயம் இதுதான். உங்கள் தங்கை ஒரு ராக் இசைக்குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிறாள். பதற வேண்டாம். ஒன்றரை வருடமாக வாசிக்கிறாள், நான்தான் சொல்லவில்லை. எங்கள் மேல்வீட்டுக்கு ஒரு பல் டாக்டர் குடிவந்தார். நோயாளிகள் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் பாடுவார், ஒரு லிஃப்ட் மெக்கானிக் டிரம்ஸ் அடிப்பார், இன்னும் இரண்டு பேர் கிட்டாரை வதைப்பார்கள். முப்பத்திரண்டு வருடம் சர்வேயராக இருந்தவன் என்பதால் அளந்தே சொல்கிறேன்: ஒரே மதியத்தில் எங்கள் மேசைமேல் தண்ணீர் டம்ளர் நாலு அங்குலம் கிழக்கே நகர்ந்தது. "போய் ஒரு வார்த்தை கேட்டுட்டு வா, நீதான் பொறுமையாப் பேசுவே" என்று அவளை அனுப்பியது நான்தான், மறைப்பதற்கில்லை. போனவள் இரண்டு மணி நேரம் வரவில்லை. அந்த வாரம்தான் அவர்களுடைய பேஸ் கிட்டார்காரர் விலகியிருக்கிறார். "டிரம்ஸ் முன்னால ஓடுது, மத்தவங்க மூச்சு வாங்கத் துரத்துறீங்க, நடுவுல யாராவது பிடிச்சு நிறுத்த வேணாமா?" என்று இவள் கேட்க, "அப்ப நீங்களே பிடிங்கம்மா" என்று லிஃப்ட் மெக்கானிக் அந்த நான்கு தந்திக் கிட்டாரை இவள் கையில் கொடுத்துவிட்டார். இருபத்தாறு வருடம் தையல் மெஷினை மிதித்த கால், தாளம் அதிலேயே ஊறியிருக்கிறதாம்.

அன்றிலிருந்து வீட்டில் பயிற்சி. பேஸ் கிட்டாரைத் தனியாகக் கேட்டால் பாட்டு மாதிரி இருக்காது, பக்கத்து அறையில் யாரோ பெரிதாக யோசிக்கிற மாதிரி இருக்கும். முதல் நிகழ்ச்சி ஒரு மரச்சாமான் கடைத் திறப்பு விழாவில். இரண்டாவது பாட்டில் மின்சாரம் போயிற்று. மின்சாரம் இல்லாவிட்டால் அந்தக் கிட்டாருக்கு வாயே கிடையாது, இவள் அது தெரியாமல் கண்ணை மூடி வாசித்துக்கொண்டே இருந்தாள். கட்டில் பார்க்க வந்த ஒரு தம்பதி மட்டும் கைதட்டினார்கள். இரண்டாவது நிகழ்ச்சியில் அவளுடைய ஆம்ப்ளிஃபையர் என் கால் கட்டைவிரலில் விழுந்தது. அதற்குப் பிறகு அதைத் தூக்கும் உத்தியோகம் எனக்கே நிரந்தரமாயிற்று. போன வாரம் கல்லூரிப் பெண்கள் நாலு பேர் கதவைத் தட்டி, "பேஸ் ஆன்ட்டி இருக்காங்களா?" என்றார்கள். "நான் யாருன்னு தெரியுமா?" என்றேன். "ஆம்ப் அங்கிள்தானே?" என்றார்கள்.

இப்போது ஒரு மானேஜரும் வந்து சேர்ந்திருக்கிறார். வருகிற சனிக்கிழமை பெரிய அரங்கில் நிகழ்ச்சி, பிறகு பதினோரு ஊர்களுக்குப் பயணம். "இந்த வயசுல எதுக்கு இதெல்லாம்?" என்று கேட்டேன். தந்தியைத் துடைத்துக்கொண்டே, "எந்த வயசுல கேட்டிருந்தா விட்டிருப்பீங்க?" என்றாள். நான் பையை எடுத்துக்கொண்டு கடைவீதிக்குப் போய்விட்டேன். ஆகவே மூத்தவர் என்ற முறையில் நீங்கள் நேரில் வந்து, போதும் நிறுத்து என்று சொல்ல வேண்டும். என் பேச்சு அவளுக்குக் கேட்பதில்லை, காதில் பஞ்சு வைத்திருக்கிறாள்.

பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு ஆசி, முழங்காலுக்குத் தனி விசாரிப்பு.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் கணவன்

பி.கு.: மேலே உள்ளது திங்கட்கிழமை எழுதியது. இன்று புதன். ஒத்திகையிலிருந்து உங்கள் தங்கை சீக்கிரமே இறங்கிவந்து, கிட்டாரை உறையில் போட்டு, "விட்டுட்டேங்க" என்றாள். மேடையில் ஒரு சின்னப் பெண் கிட்டாரை மாட்டிக்கொண்டு நிற்கட்டும், இவள் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து வாசிக்கட்டும் என்று மானேஜர் சொன்னாராம். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்களாம். நான் கேட்டதுதான் நடந்திருக்கிறது. ஆனால் மாடிப்படியை எப்படி ஏறினேன் என்று எனக்கே தெரியவில்லை. "மேடை முப்பதடி அகலம்னா நடுப்புள்ளி பதினஞ்சு. அவ அங்கதான் நிப்பா. இல்லேன்னா ஆம்ப் படி இறங்காது!" என்று கத்தினேன். லிஃப்ட் மெக்கானிக் எழுந்து என் பக்கம் வந்து நின்றார், அடுத்து பல் டாக்டர். படி இறங்கியது மானேஜர்தான். உங்கள் தங்கையோ இன்னும் "யோசிக்கிறேன்" என்கிறாள். எனவே உடனே புறப்பட்டு வந்து, மேலே கேட்டுக்கொண்டதற்கு நேர்மாறாக அவளுக்குப் புத்தி சொல்லவும். சனிக்கிழமைக்கு முன்வரிசையில் இடம் பிடித்திருக்கிறேன். விசிலடிக்கப் பழகிக்கொண்டு வரவும். நானும் காலையிலிருந்து முயல்கிறேன், காற்றுதான் வருகிறது.