மாப்பிள்ளை வீட்டார் ஏறிய பெட்டி

ரயில் வருவதற்குள் மாப்பிள்ளை வீட்டாரைக் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று பாத்திரக்கடை அருளப்பன், திண்டுக்கல் ஜங்ஷன் பிளாட்பாரத்தை விடியற்காலையிலேயே மேலும் கீழும் அளந்துகொண்டிருந்தார். கையில் முறுக்கு டின். பின்னால் மனைவி அமலராணி. அவளுக்கும் பின்னால், மலை ஏறப் போகிற பயணத்துக்குப் பட்டுச்சேலை கட்ட வைத்துவிட்டார்களே என்ற கடுப்பில் மகள் லிடியா.

ஏற்பாடு கல்யாணத் தரகர் செபஸ்தியம்மாளுடையது. மாப்பிள்ளை வீட்டார் நாகரிகமானவர்களாம். பெண் வீட்டுக்கு வந்து சொஜ்ஜி பஜ்ஜி தின்று, பெண்ணை நிற்க வைத்துப் பார்ப்பதெல்லாம் அவர்களுக்குப் பிடிக்காதாம். திருச்சி, தஞ்சாவூர் என்று ரயிலில் கூட்டிப் போய் வரலாற்று இடங்களைக் காட்டும் ஒருநாள் சுற்றுலா ஒன்று இருக்கிறது. அதில் கூட்டத்தோடு கூட்டமாக வந்து பெண்ணைப் பார்த்துக்கொள்வார்கள். தாங்கள் யார் என்று காட்டிக்கொள்ள மாட்டார்கள். பெண் வீட்டாரும் கேட்கக் கூடாது, கேட்டால் காரியம் கெட்டுப்போகும்.

"எல்லார்ட்டயும் பணிவா நடந்துக்கங்க. வரலாறுன்னா அவுங்களுக்கு உசுரு. கைடு சொல்றதக் காதக் குடுத்துக் கேளுங்க. அம்புட்டுத்தான்" என்று செபஸ்தியம்மாள் சொல்லியிருந்தாள்.

அருளப்பனுக்குப் பணிவு பழக்கமில்லை. கடைக்கு வருகிறவர்களிடம், "வேணும்னா எடு, இல்லாட்டி வச்சிட்டுப் போ" என்பதுதான் அவர் அறிந்த ஒரே வியாபாரப் பேச்சு. ஆனால் மகள் விஷயத்தில் மனிதர் ஒடிந்து போயிருந்தார். இதுவரை வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை வீட்டார் எல்லாரும் பஜ்ஜி நன்றாக இருக்கிறது என்று சொன்னார்கள், போன் பண்ணுகிறோம் என்றும் சொன்னார்கள். அந்தப் போனுக்குக் காத்திருந்தே லிடியாவுக்கு முப்பது நெருங்கிவிட்டது. அதை நினைத்தால் அவருக்குச் சோறு இறங்குவதில்லை.

பிளாட்பாரத்தில் சுற்றுலாக் கூட்டம் பாதிப் பெட்டிக்கு இருந்தது. எல்லாம் குடும்பம் குடும்பமாக. கைடு அழகுராஜா சின்னக் கொடி ஒன்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எல்லாருக்கும் வணக்கம் வைத்தான். எல்லாரும் அவனுக்கு வணக்கம் வைத்து, தங்களுக்குள்ளும் வணக்கம் வைத்துக்கொண்டார்கள். ரயில் வந்ததும் யாரும் முண்டியடிக்கவில்லை. நீங்கள் ஏறுங்கள், இல்லை நீங்கள் ஏறுங்கள் என்று வாசலில் நின்று உபசரித்ததில் ரயிலே கிளம்பிவிடப் பார்த்தது. வரலாறு படித்தவர்கள் இப்படித்தான் இருப்பார்கள் போல என்று அருளப்பன் வியந்தார்.

ஆளைக் கண்டுபிடிக்க அவரிடம் ஒரு யோசனை இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் வேதக்காரர்கள். எங்கே போனாலும் சாப்பாட்டுக்கு முன்னால் சிலுவை போடாமல் கை வைக்க மாட்டார்கள். இட்லிப் பொட்டலம் பிரிக்கும்போது யார் கை நெற்றிக்குப் போகிறதோ, அதுதான் சம்பந்தி.

வடமதுரை தாண்டியதும் அழகுராஜா பொட்டலங்களைக் கொடுத்தான். அருளப்பன் தன்னுடையதைப் பிரிக்காமல் கழுத்தை நீட்டிப் பார்த்தார். பாதிப் பெட்டியும் ஒரே நேரத்தில் சிலுவை போட்டது. மூலையில் ஒருவர் கண்ணை மூடி முழுச் செபமும் சொல்ல ஆரம்பித்தார். அவரை விடப் பக்தி குறைந்தவர்களாகத் தெரியக் கூடாது என்று மற்றவர்களும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். சட்னியில் தண்ணீர் பிரிந்துவிட்டது.

"இதுல நம்ம ஆளு எதுன்னு எப்புடி கண்டுபிடிக்க?" என்று மனைவியிடம் முணுமுணுத்தார்.

"அம்புட்டுப் பேரும் நம்ம ஆளுகதான்பா. இட்லியத் தின்னுங்க" என்றாள் லிடியா.

யோசனை கவிழ்ந்ததும் அருளப்பன் முகத்தை வைத்து ஆள் கணிக்க இறங்கினார். எதிர் இருக்கையில் ஒரு குடும்பம். சலவைச் சட்டை, தங்க நிறக் கண்ணாடி போட்ட பெரியவர். அவர் மனைவி. காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு வெளியே பார்க்கும் தாடிக்காரப் பையன். லிடியாவின் வயதில் ஒரு பெண். தாடிதான் மாப்பிள்ளை, பெண் நாத்தனார் என்று அவர் முடிவு கட்டினார். இந்தக் காலத்துத் தாடியை வைத்து வயது சொல்ல முடியாது என்பது அவருக்குத் தோன்றவில்லை.

பெயர் கேட்பதில் தப்பில்லையே என்று கேட்டார். கிளெமென்ட், நிலக்கோட்டை, ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் என்று பதில் வந்தது. தலைமை ஆசிரியர் என்றால் வரலாறு உசுராக இருக்காமல் வேறு யாருக்கு இருக்கும்? போதாக்குறைக்கு கிளெமென்ட் எழுந்து, தன் ஜன்னல் இருக்கையை லிடியாவுக்குக் கொடுத்தார். மாப்பிள்ளை வீட்டுத் திமிர் துளியும் இல்லாத மனிதர். அருளப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது.

சும்மா இருப்பாரா? தன் ஜன்னல் இருக்கையை கிளெமென்ட் மனைவிக்குக் கொடுத்தார். அவர்கள் மறுத்தார்கள், இவர்களும் மறுத்தார்கள். இரண்டு ஜன்னலும் காலியாகவே போயின. மணப்பாறையில் ஏறிய இரண்டு பேர் அவற்றில் சுகமாக உட்கார்ந்து, மாற்றி மாற்றி உபசரிக்கப்பட்ட முறுக்கு டின்னையும் காலி செய்தார்கள்.

திருச்சி மலைக்கோட்டை அடிவாரத்தில் அருளப்பன் அடுத்த படி போனார். கிளெமென்ட்டின் பையைப் பிடுங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். கிளெமென்ட் அதற்கு ஒப்பாமல் அருளப்பனின் பையைப் பிடுங்கிக்கொண்டார். தன் பையைத் தானே தூக்கியிருந்தால் இரண்டு பேருமே பிழைத்திருப்பார்கள். தலைமை ஆசிரியர் பை நிறைய தடித் தடியாக வரலாற்றுப் புத்தகங்கள். அருளப்பன் பையில், நல்ல சகுனமாக இருக்கட்டும் என்று சம்பந்திக்குக் கொடுக்க எடுத்து வந்த பித்தளைக் குத்துவிளக்கு. பாதிப் படியில் அருளப்பனின் மூட்டு கடகடவென்றது.

"வலிக்குதா சார்?" என்றார் கிளெமென்ட், தானும் மூச்சு வாங்கிக்கொண்டு.

"எனக்கா? நான் இன்னொரு தடவ ஏறி எறங்குவேன்" என்றார் அருளப்பன்.

பல்லவர் குடைவரையில் அழகுராஜா விளக்கம் சொல்லி முடித்து, யாருக்காவது சந்தேகம் உண்டா என்று கேட்டான். அது அவன் எல்லாப் பயணத்திலும் வாய்ப்பழக்கமாகக் கேட்பது. மற்ற நாட்களில் யாரைக் கூட்டி வந்தாலும் செல்பி எடுப்பார்கள், டீக்கடை எங்கே என்பார்கள். சந்தேகம் மட்டும் வராது. இங்கே கிளெமென்ட் கை தூக்கினார். விடுவாரா அருளப்பன்? அவரும் தூக்கினார். இத்தனை பெரிய பாறையை அந்தக் காலத்தில் எங்கிருந்து கொண்டுவந்து வைத்தார்கள் என்று கேட்டார்.

லிடியா தலையில் கை வைத்துக்கொண்டாள். அழகுராஜாவோ, நல்ல கேள்வி சார் என்று சொல்லி, பூமி உண்டான காலத்திலிருந்து ஆரம்பித்தான். பின்னாலேயே கூட்டத்தில் இன்னும் பல கைகள் எழுந்தன. வரலாறு படித்துவிட்டு வேலை கிடைக்காமல் கொடி பிடித்தவன் அவன். அன்றைக்கு அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. அதற்கான விலையைத் தஞ்சாவூரில் எல்லாரும் கொடுக்க வேண்டியிருந்தது.

தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போய்ச் சேரும்போது உச்சி வெயில். செருப்பை வெளியே விட்டாயிற்று. கல்தரை தோசைக்கல்லாகக் காய்ந்தது. அழகுராஜா சுவரடியில் குனிந்து, கல்வெட்டை ஒவ்வொரு வரியாகப் படித்து விளக்க ஆரம்பித்தான். கோயிலுக்கு யார் என்ன கொடுத்தார்கள் என்பதைப் பழைய ராஜாக்கள் ஒன்று விடாமல் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். சுவரோ கோயிலைச் சுற்றிக்கொண்டு போகிறது.

கூட்டம் இடது காலில் நின்றது, வலது காலில் நின்றது, நின்றபடியே ஆகா என்றது. சாப்பாட்டு நேரம் வந்தது, போனது. ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. நிழலுக்குப் போகலாமா என்று அழகுராஜாவே கேட்டான். அருளப்பன் கிளெமென்ட்டைப் பார்த்தார். கிளெமென்ட் அருளப்பனைப் பார்த்தார்.

"அடுத்த வரியவும் படிச்சிருங்க தம்பி" என்றார் அருளப்பன்.

"ஒண்ணயும் விட்றாதீங்க" என்றார் கிளெமென்ட்.

அமலராணி கணவனின் இடுப்பில் கிள்ளினாள். லிடியா அவர் கையைப் பிடித்து இழுத்தாள். "கால் கொப்புளிச்சிருச்சுப்பா. செத்த நேரம் வந்து உக்காருங்க. யாரு என்னயப் பாத்து என்ன சொல்லப் போறாங்கன்னு இப்புடி வெந்து சாகணுமா?"

"செத்தப் பொறு தாயி. இந்த மாதிரிக் குடும்பம் கெடைக்காது" என்று அவர் கெஞ்சினார். அந்தக் குரலை லிடியா இதற்கு முன் கேட்டதில்லை. கிளெமென்ட்டின் மகள் ஏஞ்சலினைக் கூட்டிக்கொண்டு மரத்தடிக்குப் போனாள். அங்கே இரண்டு பெண்களும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பதைப் பார்த்த அருளப்பன், நாத்தனாரோடு ஒட்டிக்கொண்டாள் என்று கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னார்.

கல்வெட்டு ஒரு பக்கச் சுவர் முடிவதற்குள் ஓட்டலில் சாப்பாடு தீர்ந்துவிட்டது. கிடைத்தது வாழைப்பழம். அதையும் கூட்டத்தில் ஒவ்வொருவரும் அடுத்தவருக்கு நீட்டி, கடைசியில் பாதிப் பழத்தைத் தூக்கிப் போட்டார்கள்.

திரும்பும் ரயிலில் அருளப்பன் பாதத்தைத் தரையில் வைக்க முடியாமல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். பசி, மூட்டுவலி, கொப்புளம். எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டார், பதில் தெரியாமல் இன்னொரு போனுக்குக் காத்திருப்பதை மட்டும் தாங்க முடியும் என்று தோன்றவில்லை. ஐயலூர் தாண்டியதும் தரகர் பேச்சைக் காற்றில் விட்டுவிட்டு, முன்னால் குனிந்தார்.

"தப்பா நெனைக்காதீங்க சார். எங்க லிடியாவ உங்களுக்குப் பிடிச்சிருக்கா?"

கிளெமென்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நானும் அதத்தான் கேக்க வாயெடுத்தேன். எங்க ஏஞ்சலின உங்களுக்குப் பிடிச்சிருக்கா?"

அருளப்பன் தாடிக்காரனைக் காட்டி, "அப்ப மாப்பிள்ள இவரு இல்லையா?" என்றார்.

"எம் மகன்தான். காலேஜ் ரெண்டாம் வருஷம்" என்றார் கிளெமென்ட்.

அதோடு மரியாதை இறங்கிப்போயிற்று. அருளப்பன் புத்தகப் பையைக் காலாலேயே எதிர்ப்பக்கம் தள்ளினார். கிளெமென்ட் குத்துவிளக்குப் பையை நடுவழியில் டொம்மென்று வைத்தார். மாப்பிள்ளை வீடு மாதிரி நடித்தது யார் என்று இரண்டு பேரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். ஜன்னல் இருக்கையை விட்டு எழுந்திருக்கும்படி தலைமை ஆசிரியர் அமலராணியிடமே சொன்னார்.

லிடியா சிரிப்பை அடக்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பியதை அருளப்பன் கவனித்தார். "ஒனக்கு மொதல்லயே தெரியுமா?"

"திருச்சியிலயே ஏஞ்சலின் சொல்லிட்டா. ஒரு மனுசர்ட்ட நீங்க மரியாதையாப் பேசி இன்னைக்குத்தான்பா பாக்குறேன். அதக் கெடுக்க மனசு வரல."

அது அவருக்குச் சுருக்கென்று தைத்தது. ஆனால் வருத்தப்பட நேரமில்லை. ஒரே நினைப்பு இரண்டு அப்பாக்களுக்கும் ஒரே நொடியில் வந்தது. அப்படியானால் உண்மையான மாப்பிள்ளை வீட்டார் இந்தப் பெட்டியில்தான் இருக்கிறார்கள். காலையிலிருந்து அவர்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

இருவரும் பெட்டியை ஒரு சுற்றுப் பார்த்தார்கள். ஒருவர் பக்கத்து இருக்கைக்காரருக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் யாருடைய பையையோ மடியில் வைத்துக் காவல் காத்துக்கொண்டிருந்தார். ஒரு அம்மா, யார் குழந்தை என்று தெரியாத குழந்தைக்கு விசிறிக்கொண்டிருந்தாள். எல்லாருமே நல்ல சம்பந்தியாகத் தெரிந்தார்கள். கேட்டால் சொல்ல ஒரே ஆள்தான் உண்டு.

திண்டுக்கல் நெருங்கி ரயில் வேகம் குறைந்தது. அருளப்பன் கொப்புளக் காலோடு நடைவழியில் பாய்ந்தார். கிளெமென்ட் முழங்கையால் அவரை ஒதுக்கி முந்தப் பார்த்தார். வாசலருகே கொடியைச் சுருட்டிக்கொண்டிருந்த அழகுராஜாவை, இரண்டு பேரும் ஆளுக்கொரு கையாகப் பிடித்துக்கொண்டார்கள்.

"தம்பி, எறங்குறதுக்குள்ள சொல்லிரு. இதுல மாப்பிள்ள வீட்டுக்காரங்க யாரு?" என்றார் அருளப்பன்.

அழகுராஜாவுக்கு அதில் மறைக்க ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை. கல்வெட்டில் சந்தேகம் கேட்டவருக்கு விளக்கும் அதே ஆர்வத்தோடு பதில் சொன்னான்.

"மாப்பிள்ள வீட்டுக்காரங்க என்னைக்கு சார் கல்வெட்டுப் பாக்க வந்திருக்காங்க? பொண்ணப் பெத்தவங்கள வச்சுத்தான் செபஸ்தியம்மாக்கா மாசாமாசம் இந்தப் பெட்டிய எனக்கு ரொப்பித் தர்றாங்க."