காலில்லாத முருகனும் உன் அத்தை வரைந்த படமும்

அன்பு மருமகன் நந்தகுமாருக்கு,

விருத்தாசலத்திலிருந்து மாமா ஆதிநாராயணன் எழுதுவது. உனக்கும் என் தங்கைக்கும் கொளஞ்சியப்பர் துணையிருக்கட்டும். இங்கே அனைவரும் நலம் என்று எழுதத்தான் வேண்டும், மனம் ஒப்பவில்லை. போனில் பேசினால் பாதியில் அழுதுவிடுவேன், அதனால் கடிதம்.

நம் பீங்கான் கப்புகளுக்கு வாடிக்கையாளர்கள் தாங்களே படம் போட ஒரு இணையதளம் செய்து கொடுத்தாயே, அதைப் பற்றித்தான். திரையில் விரலால் வரைந்து 'சேமி'யை அமுக்கினால் படம் டேட்டாபேஸுக்குள் போய்ப் பத்திரமாக உட்கார்ந்துகொள்ளும் என்றாய். "வெளியிலருந்து வர்ற படத்த அப்படியே நம்பக்கூடாது மாமா, உள்ள திருட்டு வேல ஏதாச்சும் ஒளிச்சு அனுப்புவானுங்க, சோதிச்சுதான் வுடணும்" என்றும் சொன்னாய். திருடனுக்கு அத்தனை காவல் போட்ட நீ, யோக்கியர்கள் வரைந்ததை எல்லாம் இடுப்போடு வெட்டிவிட்டாயே ராசா! பெண்ணாடம் கொளஞ்சிநாதன் வரைந்த முருகனுக்குக் காலுமில்லை, மயிலுமில்லை. "சாமி அந்தரத்துல தொங்குது, இதுல நான் டீ குடிக்கணுமா?" என்று கடைவாசலில் நின்று கத்துகிறார். நல்லூர் ராஜாம்பாள் பேத்தி கல்யாணத்துக்கு மணமக்களை வரைந்தார். வந்தது தலையும் மாலையும்தான். "பொண்ணு மாப்ளய கெணத்துல எறக்கிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

காரணத்தை என் மகள் மகேஸ்வரியிடம் சொன்னாயாம், அவள் அப்பன்தான் வரையும் கட்டத்தைப் பெரிதாக்கச் சொன்னார் என்று. ஆமாம், சொன்னேன். களிமண் சூளையில் சுருங்கும், அதனால் அச்சை எப்போதும் ஒரு சுற்றுப் பெரிதாகவே செய்வோம். படமும் சுருங்கும் என்று நினைத்துவிட்டேன். கட்டத்தைப் பெரிதாக்கிய நீ, படம் போய்த் தங்கும் இடத்தையும் பெரிதாக்க வேண்டாமா? கொள்ளாத மிச்சத்தை அது சத்தமில்லாமல் வெட்டிப் போட்டிருக்கிறது. இடமில்லை என்று ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? பஸ் கண்டக்டர்கூடச் சொல்கிறானே.

போகட்டும், முருகனுக்கு அவர்கள் மறுபடி கால் வரைந்துகொள்வார்கள். உன் அத்தைக்கு நான் எங்கே போவேன்? அன்று காலை அம்புஜம், மகளின் போனை வாங்கி, எனக்கென்று ஒரு கப்புக்குப் படம் போட்டுக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன், மறைத்துக்கொண்டாள். "கீழதாங்க விசயமே வரப்போவுது, கப்புல வந்தப்புறம் பாத்துக்குங்க" என்று சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போதும் 'சேமி'யை அமுக்கிவிட்டுத்தான் போனை மகேஸ்வரியிடம் கொடுத்தாள். திரும்பி வரவில்லை.

இப்போது எடுத்துப் பார்த்தால் ஒரு வேப்பமரத்தின் தலை, அதில் ஒரு ஜோடி மைனா. கீழே வெறும் வெள்ளை. மரத்தடியில் என்னை உட்கார வைத்தாளா, வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறேனே அதைப் போட்டுக் கேலி செய்தாளா, தெரியவில்லை. யோசித்து யோசித்துச் சோறு இறங்கவில்லை. வருஷ திதிக்குள் அந்தக் கப்பில் ஒரு வாய் டீ குடித்துவிட வேண்டும். வெட்டிய பாதி எந்த மூலையில் கிடந்தாலும் தேடி எடுத்துக் கொடு. தேடாமலே இல்லை என்று சொன்னாயானால் இந்த வீட்டுப் படியை மிதிக்காதே.

தங்கையை மழையில் நனையாமல் இருக்கச் சொல். உன் குழந்தைக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் மாமா,
ஆதிநாராயணன்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போதே, மகேஸ்வரி சொல்லிவிட்டாள் போல, உன் போன் வந்தது. "நெறய கிறுக்குன படந்தான் மாமா எடம் கொள்ளாம வெட்டுப்பட்டுச்சு. அத்தையோடது நாலு கோடுதான். அது முழுசாத்தான் இருக்குது" என்றாய். சட்டென்று போனை வைத்துவிட்டேன், கோபமில்லை. மேலே உன்னைத் திட்டியதை எல்லாம் அடித்துவிடு. மரத்துக்குக் கீழே அவள் வரையவே இல்லை, அதற்குள் வலி வந்துவிட்டது. நீ வெட்டியிருந்தால்கூடத் தேவலை நந்தா, எங்கேயோ இருக்கிறது என்று தேடிக்கொண்டாவது இருந்திருப்பேன்.