வெள்ளிக்கிழமைக்குள் ஒரு போர்

குரும்பலூர் வளைவில் நின்றுபோன வண்டியை வீரமணி பின்னாலிருந்து தள்ளிக்கொண்டிருந்தார். முன்னால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவர் மனைவி வெற்றிச்செல்வி.

"ஏங்க, தள்ளுறீங்களா, சாஞ்சுக்கிட்டு நிக்கிறீங்களா?"

"ரெண்டுந்தான்!"

அந்தச் சின்ன லாரியை ஊரில் குட்டி யானை என்பார்கள். பதினாறு வருஷமாகச் சின்ன வெங்காய மூட்டை சுமந்த யானை. மூன்று லட்சத்து எண்பதாயிரம் கிலோமீட்டரில் அதன் மீட்டர் நின்றுவிட்டது, வண்டி நிற்கவில்லை. நெற்றியில் 'வெற்றி' என்று மனைவி பெயரை எழுதி வைத்திருந்தார் வீரமணி. பின்னால் வருகிறவர்களுக்கு அது தெரியாது. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் புகைதான்.

"போதுங்க" என்று வெற்றிச்செல்வி இறங்கினாள். "இதுக்கு மேல இத ஓட்டுனா வண்டிக்கு முன்னாடி நீங்க போயிருவீங்க. புதுசு வாங்கிடலாம்."

"எத வெச்சு?"

"என் காட்ட வெச்சு."

ரஞ்சன்குடியில் அவள் அப்பா கல்யாணச் சீராகக் கொடுத்த ஒண்ணேகால் ஏக்கர். மழை பெய்தால் மக்காச்சோளம், பெய்யாவிட்டால் ஆட்டுக்கு மேய்ச்சல். பக்கத்துக் காட்டை ஆறு மாசத்துக்கு முன் வாங்கிய பெரியசாமி, சிங்கப்பூரில் சம்பாதித்துத் திரும்பியவர், இதையும் கேட்டுக்கொண்டே இருந்தார். நடுரோட்டில் நின்றபடியே அவருக்கு போன் போட்டாள்.

"அண்ணே, காட்ட குடுத்துடறேன். வெள்ளிக்கிழமை வாங்க, பேசி முடிச்சுடலாம்."

போனை வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். வேர்வை என்றாள். ஆனால் நெற்றியைத் துடைக்கவில்லை, கண்ணைத்தான் துடைத்தாள். அதை வீரமணி பார்த்துவிட்டார்.

வண்டியைக் கயிறு கட்டி இழுத்துப்போய் கவுஸின் ஒர்க்‌ஷாப்பில் விட்டார்கள். மறுநாள் காலை வீரமணி மெல்ல ஆரம்பித்தார்.

"வெற்றி, அந்தக் காட்ட விக்க வேணாமே."

"சொல்லிட்டேங்க. குடுத்த வாக்க நானா மாத்த மாட்டேன். அவரா வேணாம்னு சொன்னா அது வேற."

"அவரு எப்புடிச் சொல்லுவாரு? நாலு மாசமா நாக்கத் தொங்கப் போட்டுக்கிட்டுத் திரியுறாரு."

"அப்ப வித்தாச்சுன்னு வெச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு அவள் வாசல் கூட்டப் போய்விட்டாள்.

பெரம்பலூரில் கவுஸ் வண்டிக்கு அடியிலிருந்து தலையை மட்டும் வெளியே நீட்டினான்.

"அண்ணே, யாரு இத கழிச்சுக் கட்டச் சொன்னது? அடிச்சட்டம், சேஸு, கல்லு மாதிரி இருக்கு. எஞ்சினுக்கு ஒரு போர் போட்டு, புது பிஸ்டன் ஏத்துனா, இன்ஷா அல்லாஹ், இன்னும் அஞ்சு வருஷம் அசைக்க முடியாது."

எஞ்சினுக்குள் தேய்ந்துபோன சுவரைக் கடைந்து சரிசெய்வதற்கு ஒர்க்‌ஷாப்பில் போர் என்று பெயர். ஒர்க்‌ஷாப்புக்கு வெளியே பெரம்பலூர் சீமையில் போர் என்றால் ஒன்றே ஒன்றுதான். பூமியில் துளை போட்டுத் தண்ணீர் தேடுவது.

கேட்டுக்கொண்டு ஊர் திரும்பிய வீரமணி ஒரு முடிவுக்கு வந்தார். வெள்ளிக்கிழமைக்குள் வண்டி சரியாகி வாசலில் உறுமிக்கொண்டு நின்றால், காட்டை விற்க வெற்றிச்செல்விக்குக் காரணம் இருக்காது. முன்கூட்டியே சொன்னால் "எனக்காக ஓட்டை வண்டியில சாகப் போறீங்களா" என்று தடுத்துவிடுவாள். அதனால் ரகசியம்.

கவுஸோடு போனில் அந்த ரகசியத்தைப் பேச அவர் தேர்ந்தெடுத்த இடம் டீக்கடை.

"கவுஸ், எஞ்சின் போர் போட்டுடு. வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சாகணும். உங்க அண்ணிகிட்ட மூச்சு விட்டுடாத."

டீ ஆற்றிக்கொண்டிருந்த நடராசன் நிமிர்ந்தான். ரஞ்சன்குடிக்காரன், வெற்றிச்செல்விக்குத் தம்பி முறை.

"என்ன மாமா, ரகசியம்?"

"ஒண்ணுமில்ல, சக்கரையக் கம்மியாப் போடு."

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு வீட்டு வாசலில் மஞ்சள் பையோடு ஓர் ஆள் நின்றார். நீரோட்டம் பார்க்கும் அரங்கநாதன். பைக்குள் தேங்காய்.

"போர் போடப் போறியாமே தம்பி? என்னையக் கேக்காம போட்டுடுவியா?"

சொம்பில் தண்ணீரோடு வந்த வெற்றிச்செல்வி அப்படியே நின்றாள். "போரா? என்னங்க போரு?"

"எஞ்…" என்று ஆரம்பித்த வீரமணி மீதியை விழுங்கினார். "ஆமா… போர்தான்."

"எங்க?"

"உன்… காட்டுலதான்."

"வெள்ளிக்கிழமை விக்கப் போற காட்டுலயா?"

"விக்கிற மாட்டக் குளிப்பாட்டித்தான சந்தைக்குக் கூட்டிட்டுப் போறோம்? அது மாதிரி."

அவள் அவரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். "அப்பச் சரி" என்று சமையலறைக்குப் போனாள். உள்ளேயிருந்து விட்டு விட்டு இருமல் கேட்டது. அடுப்புப் புகை போலிருக்கிறது என்று நினைத்தார் வீரமணி. வீட்டில் இருப்பது கேஸ் அடுப்பு என்பது அவருக்கு அப்போது ஞாபகம் வரவில்லை.

அரங்கநாதன் மறுநாள் காலைக்கு நேரம் குறித்துக்கொண்டு போனார். பின்னாலேயே போன் வந்தது. கவுஸ்.

"அண்ணே, எறக்கிட்டேன்!"

"யாருங்க?" என்றாள் வெற்றிச்செல்வி.

"போர்க்காரரு."

"என்ன சொல்றாரு?"

"எறக்கிட்டாராம்."

"எத?"

எஞ்சினை என்று சொல்ல முடியுமா? "பைப்ப."

"எடமே இன்னும் பாக்கல. அதுக்குள்ள பைப்ப எறக்கிட்டாரா?"

"கொஞ்சம் சுறுசுறுப்பான ஆளு" என்றார் வீரமணி பரிதாபமாக.

போனில் கவுஸ் கத்தினான். "அண்ணே, சுவரெல்லாம் ரொம்பத் தேஞ்சு கெடக்கு, கேக்குதா?"

"நீங்க பாத்துச் செய்யுங்க சார்."

"சாரா? அண்ணே, நான் கவுஸு!"

"சரிங்க சார், வெச்சிடறேன் சார்."

நேராக டீக்கடைக்கு ஓடினார். "டேய் நடராசா, ஊர் பூரா போர் போர்னு கெடக்கு. நான் எஞ்சின்னு தெளிவாத்தானடா சொன்னேன்?"

"டீ ஆத்துற சத்தம் மாமா. பாதிதான் காதுல விழுந்துச்சு."

"மீதிப் பாதிய இப்பவாவது போய்ச் சொல்லேன்."

"சொன்னா அக்காவுக்கும் தெரிஞ்சுடுமே, பரவாயில்லையா?"

பரவாயிருந்தது. வீரமணி சர்க்கரை கம்மியாக ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பினார்.

வியாழக்கிழமை காலை ரஞ்சன்குடிக் காட்டில் திருவிழாக் கூட்டம். ஆடு மேய்க்க வந்தவர்கள் ஆட்டை விட்டுவிட்டு நின்றார்கள். பூமியில் துளை போடும் ரிக் வண்டிக்காரர் ஒருவர் யாரும் கூப்பிடாமலே வந்து, லாரியை வண்டிப்பாதையில் குறுக்கே நிறுத்தியிருந்தார். வெள்ளை வேட்டியில் பெரியசாமியும் வந்துவிட்டார். வாங்கப்போகிற காட்டில் எத்தனை இஞ்சுத் தண்ணீர் என்று தெரிந்துகொள்ளும் ஆசை.

அரங்கநாதன் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு நடந்தார். கீழே நீரோட்டம் இருந்தால் தேங்காய் தானாக எழுந்து நிற்கும் என்பது கணக்கு. கிழக்கே போனார். மேற்கே போனார். வேப்பமரத்தைச் சுற்றினார். தேங்காய் உழுது களைத்த மாடு மாதிரி படுத்தே கிடந்தது.

"ம்ஹூம்" என்றார் கடைசியில். "ஆயிரம் அடி போனாலும் புழுதிதான். உங்க மாமனார் கூப்ட்டப்பவும் இதேதான் சொன்னேன். வெற்றிக்குத் தெரியுமே, பாவாடை சட்டையோட இந்த மரத்தடியிலதான நின்னுச்சு?"

வெற்றிச்செல்வி தூரத்தில் ரஞ்சன்குடிக் கோட்டையின் சுவர் தெரிந்த பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரியசாமி தொண்டையைச் செருமினார். "யம்மா, தப்பா நெனச்சுக்காத. தென்னந்தோப்பு வெக்கத்தான் கேட்டேன். தண்ணி இல்லாம தென்னைய வெச்சா வெளக்கமாத்துக்கு ஈர்க்குகூட வராது. எனக்கு வேணாம்மா."

"நீங்களா வேணாங்கறீங்க. சரிங்கண்ணே" என்றாள் வெற்றிச்செல்வி தலையைக் குனிந்தபடி.

கூட்டம் கலைந்தது. ரிக் லாரியும் முனகிக்கொண்டே பின்வாங்கிப் போனது. வேப்பமரத்தடியில் வீரமணி பொத்தென்று உட்கார்ந்தார்.

"வெற்றி, நான் பாவி. காட்டுக்கு இல்ல, வண்டிக்குத்தான் போர் போடச் சொன்னேன். எஞ்சின் போரு. உங்கப்பா குடுத்த மண்ணு கைய விட்டுப் போகக் கூடாதுன்னு நெனச்சேன். நான் வாய மூடிக்கிட்டு இருந்ததுல இப்ப காட்டுப் பேரே கெட்டுப் போச்சு. இனிமே ஒருத்தன் இத வாங்க மாட்டான்."

"ஒருத்தனும் வாங்க மாட்டானா?"

"மாட்டான்."

"நிச்சயமா?"

"எப்புடி நிச்சயம் இல்லாம போகும்? சுத்துப்பட்டு ஊரே பாத்துச்சே!"

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பதறிப்போன வீரமணி எழுந்து அவள் கையைப் பிடித்தார். அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. எடுத்துக்கொண்டு மரத்தின் அந்தப்புறம் போனார்.

"அண்ணே, இப்பவாவது நான் கவுஸுன்னு ஒத்துக்குவீங்களா? லேத்துல வேலை முடிஞ்சுடுச்சு. நாளைக்குக் காலைல வண்டிய எடுத்துக்கலாம்."

வீரமணிக்குச் சிரிப்பதா அழுவதா என்று புரியவில்லை. வண்டி பிழைத்துவிட்டது. காடும் கையில்தான் இருக்கிறது. ஆனால் இவளுடைய மனசு?

வண்டிப்பாதையில் புழுதி கிளப்பிக்கொண்டு ஒரு மொபெட் வந்து நின்றது. நடராசன். ஹேண்டில்பாரில் டீ பிளாஸ்க். மாமா மரத்தின் அந்தப்புறம் இருப்பதைக் கவனிக்காமல், இறங்கும்போதே வெற்றிச்செல்வியைப் பார்த்துக் கேட்டான்:

"யக்கா, நீ சொன்னபடியே 'எஞ்சின்'ங்கற ஒத்த வார்த்தைய மட்டும் முழுங்கிட்டு ஊரெல்லாம் சொல்லிட்டேன். பெரியசாமி அண்ணன் வேணாம்னுட்டாரா, இல்ல இன்னொரு ரவுண்டு போயிட்டு வரட்டுமா?"